உப்புநீர்

ஏரியில் பிறந்தவள் நான்,
கடலைப் பார்த்ததில்லை.
நலுபாலே ஏரியில் எங்கள் தீவின் எந்தப் பக்கம் கை நனைத்தாலும்
நாக்கில் வைத்தால் சப்பென்றுதான் இருக்கும்.

நான்கு முறை படகில் வந்தார்கள்.
நான்கு முறையும் இடது தோள்.
எண் இருநூற்றுப் பதினேழு.
நம்பூஸே என்று கூப்பிட்டுவிட்டு
எண்ணைத்தான் எழுதினாள் நர்ஸ் அடியேரோ.
பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வேறேதோ;
யாருக்கு எது என்று
அவளுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது.
என்டெபேயில் ஒரு கணினிக்குத் தெரியுமாம்.

நாட்டு மருந்து என்றதும்
வேரா பட்டையா என்று கேட்டான் கிசிட்டோ.
நாடே கூடிச் செய்கிற மருந்தடா.
சீசாவை ஊதித் தந்தது ஜின்ஜாவின் சோடா பாட்டில் ஆலை.
முகம் பார்த்துப் பேசாத இரண்டு பல்கலைக்கழகங்கள்
ஒரே குளிர்பெட்டிக்கு ஆளுக்கொரு சாவி வைத்திருந்தன.
மாட்டுக் காய்ச்சலுக்கு ஊசி செய்கிறவர்கள்
இராத்திரியில் இயந்திரத்தை இரவல் கொடுத்தார்கள்.
மின்சாரம் போன வாரத்தில்
ஐரோப்பாவுக்கு மீன் அனுப்பும் கம்பெனி
மீனை வெளியே எடுத்து மருந்தை உள்ளே வைத்தது.
அந்த மீனைத் தின்றது நாங்கள்தான்.

என்ன விலை என்றேன்.
மீன் விற்கிறவள் முதலில் வேறெதைக் கேட்பாள்?
முட்டை சுருட்டிய சப்பாத்தி ஒன்றின் விலை
என்றார் டாக்டர் பியாருஹங்கா.
எழுதிக் கொடு.
சிரித்தார். பிறகு
ஆயிரத்து ஐந்நூறு ஷில்லிங் என்று
படிவத்தின் பின்பக்கத்தைக் கிழித்து எழுதி
கையெழுத்தும் போட்டார்.

அக்கா நாமுலியின் காலத்தில்
அந்த நோய்க்கு இங்கே மெலிவு என்று பெயர்.
மாத்திரை உலகத்தில் இருந்தது.
பணமுள்ள கரைகளையெல்லாம் முதலில் பார்த்துவிட்டு
வழி கேட்டுக் கேட்டு எங்களிடம் வந்து சேர்ந்தபோது
அவளைத் தூக்க நான்கு பேர் வந்து நின்றிருந்தார்கள்.
இரண்டு பேரே போதுமாயிருந்தது.

ஊசி போட்டுக்கொண்டவள் என்று
லுவாங்கா பக்கத்துத் தீவுக்குப் போய்
இன்னொருத்தியின் துறையில் படகைக் கட்டினான்.
படிவத்தில் அதற்கும் ஒரு கட்டம் இருந்தது.
மறைக்காமல் சொன்னேன்.

மூன்றாம் ஆண்டு, மழைக்கு முன்,
பெட்டி இல்லாமல் வந்தது படகு.
பார்த்ததும் தெரிந்துவிட்டது.
கவிழ்த்துப் போட்ட ஓடத்தின் மேல் உட்கார்ந்து
டாக்டர் தன் காலணியைப் பார்த்துச் சொன்னார்:
கெடுக்கவில்லை. காக்கவுமில்லை.
யாரும் எதுவும் கேட்கவில்லை.
மரபு ஒன்று சத்தமாகக் கத்திவிட்டுப் பறந்தது.
பிறகு உறைகளைக் கொடுத்தார்கள்.

எனக்கு உப்புநீர்.

கடலைப் பார்க்காதவளின் தோளில்
நான்கு சிட்டிகைக் கடல்.
முதல் ஊசிக்குப் பின் இரண்டு நாள் நடுங்கினேனே,
அது யாருடைய காய்ச்சல்?

உன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று கிசிட்டோ உருண்டு சிரித்தான்.
அவனுக்கு மருந்து.
அது தோற்ற மருந்து என்பது
சிரித்து முடித்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது.
எனக்குக் கோபம் சாயங்காலம்தான் வந்தது,
கொங்கோ சந்தைக்குப் போகிற மீனுக்கு
உப்புத் தேய்த்துக்கொண்டிருந்தபோது.
செவுளுக்குள், முள்ளோரம், வாலடி வரை தேய்த்தேன்.
உப்பு எந்த மீனையும் பிழைக்கவைத்ததில்லை.
கெடாமல் அடுத்த கரைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும்,
அவ்வளவுதான் அதற்குத் தெரியும்.
உப்பிட்டவரை மறக்கக்கூடாதாம்.
இந்தக் கணக்கில் இட்டது யார், தின்றது யார்?

சில்லறை டப்பாவின் அடியில்
அந்தக் காகிதம் இருக்கிறது.
ஈரத்தில் மை கொஞ்சம் ஊறியிருக்கிறது, ஆனால் எண் படிக்க வருகிறது.
துறைமுகத்தில் சப்பாத்தி இப்போது இரண்டாயிரம்.
அடுத்த பெட்டி எந்த வருடம் வந்தாலும் சரி,
பழைய விலைக்குத்தான் கேட்பேன்.